ரோஸ்மரி நிலையத்துச் சரக்குப் பெட்டி

அத்தியாயம் ஐந்து

"நாலு மணிக்குப் பொலிசிலை டெர்மின் எடுத்து வைச்சிருக்கிறானாம் அந்தக் கிளப் தலைவன்," என்றான் ஸ்ரான்லி, ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி. "சுவிஸ்காரன் எண்டால் சும்மாவோ, அக்கா? கள்ளனைப் பிடிக்கவும் முன்கூட்டியே நேரம் குறிச்சு டெர்மின். இனிக் கள்ளனும் டெர்மின் எடுத்துப்போட்டுத்தான் களவெடுக்க வேணும்."

"ரோட்டைப் பார்," என்றாள் திரேசா.

ரோட்டைப் பார்க்க வேண்டிய ஆள்தான். சாரதிப் பரீட்சையில் ஐந்தாம் தடவையில் பாஸானவன் ஸ்ரான்லி. அன்றைக்குக் கைகொடுத்த பரீட்சகரின் கண் கலங்கியிருந்ததைத் தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறான். பேர்ணில் ஓர் உணவகத்தில் சட்டி கழுவுவது அவன் உத்தியோகம். திரேசாவுக்கு உதவித் துப்பறிவாளன் என்பது தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பதவி. அதற்குச் சம்பளம் கிடையாது. சில நாட்களில் மரியாதையும் கிடையாது.

திரேசாவின் கதை வேறு. பேர்ணில் பூம்ப்ளிஸ் பக்கத்துத் தமிழருக்குப் பாஸ்போட், பெர்மிட், புருஷன், எது தொலைந்தாலும் முதல் ரெலிபோன் அவளுக்குத்தான். மன்னாரில் பிறந்து, பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு வருஷமாக நிற்கிறாள். எந்தத் துணி எந்த வார்ட்டுக்குரியது என்று தொட்டே சொல்லிவிடுவாள். கையில் எது அகப்பட்டாலும் மடிப்பாள். இப்போது ஸ்ரான்லியின் வீதிப்படத்தை நாலாக, எட்டாக, பதினாறாக மடித்து முடித்திருந்தாள். லாங்கன்தாலுக்கு எந்தச் சந்தியில் திரும்புவது என்பது அந்தப் பதினாறுக்குள் எங்கேயோ கிடந்தது.

"விஷயத்தை மூண்டு வசனத்திலை சொல்லு பாப்பம்," என்றாள்.

"ஒண்டு: யோகராஜா அண்ணை புதனுக்குப் புதன் ஒரு விளையாட்டு றெயில் கிளப்பைக் கூட்டித் துடைக்கிறவர். ரெண்டு: அங்கை ஒரு சரக்குப் பெட்டியைக் காணேல்லை, கதவுத் திறப்பு இருக்கிறது கிளப் தலைவரிட்டையும் அண்ணையிட்டையும் மட்டும்தான். மூண்டு: அண்ணையின்ரை பி பெர்மிட் விண்ணப்பம் இப்பதான் மேசைக்கு வந்திருக்கு. இந்த நேரம் பொலிசிலை ஒரு முறைப்பாடு விழுந்தால்..."

மூன்றாவது வசனத்தை அவன் முடிக்கவில்லை. 1996ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அந்த வசனத்தை முடிக்கத் தெரியாத தமிழன் சுவிஸில் இல்லை. யோகராஜா வந்து எட்டு வருஷம். பெண்சாதியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வவுனியாவில். பி பெர்மிட் என்ற வதிவிட அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அவர் வெளிக்கிட்டபோது மூன்று மாதக் குழந்தையாக இருந்த சின்னவள் போன கிழமை ரெலிபோனில் கேட்டாளாம்: "அப்பா, நீங்கள் உயரமோ, கட்டையோ?"

*

லாங்கன்தாலில் கிளப் ஒரு பழைய களஞ்சியத்தின் மேல்மாடியில் இருந்தது. படியேறி உள்ளே போனதும் ஸ்ரான்லி வாயைப் பிளந்தான். இருபது மீற்றர் நீளத்துக்கு மேசை. மேசை முழுக்க அமெரிக்கா. மலை, பாலம், சுவிஸில் எந்த மாடும் பார்த்திராத வெட்டவெளி, அதற்கு நடுவே நூற்றுக்கணக்கான சரக்குப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் நீளம்.

வாசலில் தும்புத்தடியைப் பிடித்தபடி யோகராஜா நின்றார். அன்றைக்கு அவருக்குக் கூட்டுகிற நாள் அல்ல. பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது போலும்.

தலைவர் ஹெர் லூதிக்கு வயது அறுபத்தெட்டு. நாற்பது வருஷம் சுவிஸ் றெயில்வேயின் சரக்குப் பகுதியில் இருந்து ஓய்வெடுத்தவர். கறுத்தக் கழுத்துப்பட்டி, கறுத்தக் கோட்டு. ஸ்ரான்லி மரியாதையாகத் தலையைக் குனிந்தான்.

"யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டான். அவனுடைய ஜெர்மனில் வினைச்சொற்கள் விருந்தாளி மாதிரி, வந்தால் வரும். இந்தத் தரம் வந்தது.

"சதர்ன் பசிபிக்," என்றார் லூதி. "செப்ரெம்பர் பதினொன்றாம் திகதி."

"எத்தனை வயது?"

"நூற்று முப்பத்தொன்று."

"நல்ல வயதுதான்," என்று ஆறுதல் சொன்னான் ஸ்ரான்லி.

திரேசா அவனுடைய காலை மிதித்தாள். இறந்தது அமெரிக்காவின் பெரிய சரக்கு றெயில் கம்பெனிகளில் ஒன்று என்று லூதி விளக்கினார். போன மாதம் யூனியன் பசிபிக் அதை விழுங்கிவிட்டது.

"1869ல் யூட்டா மாநிலத்தில் இரண்டு தண்டவாளங்களைத் தங்க ஆணி அடித்துச் சேர்த்தார்கள், அம்மணி. கிழக்கேயிருந்து வந்தது யூனியன் பசிபிக். மேற்கேயிருந்து வந்த கம்பெனி பிற்பாடு சதர்ன் பசிபிக்கின் குடும்பத்தில் சேர்ந்தது. கைகொடுத்த இருவரில் ஒருவர் மற்றவரை நூற்றிருபத்தேழு வருஷம் கழித்துத் தின்றுவிட்டார். 1980ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அன்றிலிருந்து அங்கே இதே விருந்துதான்."

"அமெரிக்காவில் எவ்வளவு காலம் இருந்தீர்கள்?" என்று கேட்டாள் திரேசா.

"போனதே இல்லை. எனக்கு விமானம் என்றால் பயம்."

ஸ்ரான்லிக்கு மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது. குற்றம் சாட்டுகிற ஆளைப் பிடித்துப்போவது துப்பறிகிறவனுக்கு அழகல்ல என்று தன்னைத்தானே கண்டித்துக்கொண்டான்.

தொலைந்த இடத்தை லூதி காட்டினார். கன்சாஸ் வெளியின் ஓரத்தில் ஒரு சின்ன நிலையம், அதற்கு ஒரு கிளைத்தண்டவாளம். பெயர்ப்பலகையில் 'ரோஸ்மரி' என்று இருந்தது. தண்டவாளம் வெறுமை.

"ரோஸ்மரி என் மனைவி. அந்தப் பெட்டிக்கு ஒரு மாரிகாலம் முழுக்க இருந்து வர்ணம் பூசினாள். தன் கையாலேயே சரக்கேற்றினாள். வசந்தம் வந்தபோது அவள் இல்லை. பதினொரு வருஷமாக அந்தப் பெட்டி இந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன், இல்லை." அவர் யோகராஜாவைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கு இதில் சந்தோஷமில்லை. நாலு வருஷமாக ஒரு தூசி இல்லாமல் வைத்திருந்தார். ஆனால் சாவி இரண்டுதான். ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது."

"பெட்டியின் இலக்கம் என்ன?" என்று கேட்டாள் திரேசா.

லூதியின் முகம் சிவந்தது. "அது ரோஸ்மரியின் பெட்டி."

ஸ்ரான்லி சும்மா ஒரு பெட்டியைச் சுட்டினான். லூதி கிட்டப் போகாமலே அதன் இலக்கத்தைச் சொன்னார். இன்னொன்றைச் சுட்டினான். அதற்கும் சொன்னார், எந்த வருஷம் எந்தப் பட்டறையில் கட்டியது என்பதையும் சேர்த்து. உலகத்திலுள்ள எல்லாப் பெட்டியின் இலக்கமும் தெரிந்த மனுஷனுக்கு அந்த ஒரு பெட்டியின் இலக்கம் தெரியாது. பெண்சாதியின் முகத்தில் யார்தான் இலக்கம் தேடுவார்கள்?

"அட்டையைப் பார்த்துச் சொல்லலாம் என்றால்," என்றார் லூதி, "கள்ளன் அட்டையையும் சேர்த்து எடுத்துவிட்டான்."

திரேசா நிமிர்ந்தாள். "எந்த அட்டை?"

மேசையின் ஓரம் நெடுகலும் சின்னச் சின்ன மரப்பைகள் அடித்திருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கம் எழுதிய ஓர் அட்டை. அதில் செருகிய சீட்டின் ஒரு பக்கம் 'ஏற்றியது', மறு பக்கம் 'வெறுமை'. கிளப் உறுப்பினர்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்து, அட்டை சொன்னபடி பெட்டிகளை ஓட்டுவார்கள். பெட்டியைப் பார்ப்பதே இல்லை, அட்டையைத்தான் பார்ப்பார்கள். ரோஸ்மரி நிலையத்தின் மரப்பை காலியாக இருந்தது.

"ஹெர் லூதி," என்றாள் திரேசா, "எங்கள் சலவைக்கூடத்தில் முந்நூறு தள்ளுவண்டி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். வண்டியைக் களவெடுக்கிறவன் முதல் வேலையாக அட்டையைக் கழற்றி எறிவான். அட்டையோடு காணாமல் போன வண்டி களவு போகவில்லை. வேலைக்குப் போயிருக்கிறது."

லூதி அவளை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தார். "வெறும் வண்டிகளை வார்ட்டுகள் திருப்பி அனுப்புகின்றனவா?"

"எங்கே? ஒளித்து வைத்துக்கொண்டு இல்லை என்பார்கள்."

"நாள் வாடகை அறவிடுகிறீர்களா?"

"இல்லை."

"அதுதான் பிழை!" லூதியின் கழுத்துப்பட்டி துக்கத்தை மறந்து துள்ளியது. "அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் பெட்டி எல்லாக் கம்பெனியின் தண்டவாளத்திலும் அலையும். மற்றவனுடைய பெட்டியை வைத்திருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கொடுக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒவ்வொருவனும் மற்றவனுடைய பெட்டியைப் பதுக்குவான். பிறகு ஒரு சின்னக் கம்பெனி பெட்டிகளை வாடகைக்கு விட்டே பிழைக்கலாம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கியது. வியாபாரம் படுத்ததும் அத்தனையும் ஒரேயடியாக வீட்டுக்குத் திரும்பி வந்தன. நிறுத்துவதற்கு அவனிடம் அவ்வளவு தண்டவாளமே இல்லை!"

"எங்கடை ஆக்கள் சம்மர் லீவுக்குப் பேர்ணுக்கு வாற மாதிரி," என்று ஸ்ரான்லி முணுமுணுத்தான். போன யூலையில் அவனுடைய ஒற்றையறையில் ஒன்பது பேர் படுத்தார்கள்.

"ஆனால் ரோஸ்மரியின் பெட்டி வேலைக்குப் போக முடியாது," என்று லூதி மறுபடி சோர்ந்தார். "அது ஏற்றிய பெட்டி. அதன் சரக்கு ஓர் ஆலைக்குப் போக வேண்டும். அந்த ஆலையை நான் இன்னும் கட்டவில்லை."

"பதினொரு வருஷமாகவா?"

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "கட்டினால் சரக்கை இறக்க வேண்டிவரும், அம்மணி."

ஸ்ரான்லி பகிடிக்காகத் தொண்டையைச் செருமிப் பார்த்தான். பகிடி வரவில்லை.

திரேசா மெல்ல நடந்தாள். நெப்ராஸ்காவைத் தாண்டினாள், இலினோயைத் தாண்டினாள், கடைசி யன்னலில் நின்றாள். யன்னல் விளிம்பில், சூடாக்கிக்கு மேலே, ஓர் இலவச விளம்பரப் பத்திரிகை விரித்திருந்தது. அதன்மேல் இரண்டு கைப்பிடி தானியம், ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைத்தபடி.

ஸ்ரான்லி நாலு தானிய மணியை எடுத்து வாயில் போட்டுச் சப்பினான். "கோதுமை, அக்கா. கொஞ்சம் பழசு. குருவிக்கு வைச்சிருக்கினம் போலை."

"குருவிக்கு வைக்கிறவன் யன்னலுக்கு வெளியாலை வைப்பான். உது உள்ளுக்கு. சூட்டுக்கு மேலை பேப்பர் விரிச்சு, கல்லுப் பொறுக்கி, கையாலை பரப்பியிருக்கு. எந்தச் சுவிஸ்காரன் உப்பிடித் தானியம் காயப்போடுறவன்?" அவள் ஒரு கணம் நிறுத்தினாள். "சாட்சியைச் சப்பாதை. துப்பு."

ஸ்ரான்லி துப்பினான். திரேசா திரும்பி யோகராஜாவைப் பார்த்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அண்ணை, வண்டு விழுந்ததோ?"

தும்புத்தடி கையை விட்டு நழுவியது. யோகராஜா பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஓம், தங்கச்சி," என்றார். "போன கிழமைப் புதன் தூசு தட்டேக்கை பாத்தன். அந்தப் பெட்டியின்ரை கதவு இடுக்காலை கறுப்புக் கறுப்பாய் வண்டு இறங்கி வருகுது. இறங்கி, தண்டவாளத்தாலையே வரிசையாய் நடந்து போகுதுகள், றெயில் விட்ட மாதிரி. கதவைத் திறந்து பாத்தால் உள்ளுக்கு உண்மைக் கோதுமை!"

"எறிஞ்சிருக்கலாமே, அண்ணை?" என்றான் ஸ்ரான்லி.

யோகராஜா அவனைப் பார்த்த பார்வையில் மிச்சச் சோற்றைக் கொட்டிச் சட்டி கழுவுகிறவன் தன் தொழிலை நினைத்தே வெட்கப்பட்டான்.

"தானியத்தை எப்பிடியடா தம்பி எறியிறது? சுளகு இல்லை. வாளி மூடியிலை போட்டுப் புடைச்சன். சொத்தையைப் பொறுக்கிப்போட்டுக் காய வைச்சன். அடுத்த புதன் பழையபடி போட்டு மூடுவம் எண்டுதான். இந்தப் புதன் வந்தன். பெட்டியைக் காணேல்லை."

"அப்ப அட்டை?" என்று கேட்டாள் திரேசா.

யோகராஜா தலையைச் சொறிந்தார். "பெட்டி வெறுமை. அட்டையிலை 'ஏற்றியது' எண்டு கிடக்கு. ஒரு கிழமைக்கெண்டாலும் பொய் பொய்தானே? உந்த மனுசன் ஒருநாள் ஒரு மெம்பரை நல்லாப் பேசினவர், அட்டை பொய் சொல்லக்கூடாது எண்டு. அதாலை நான் சீட்டை மற்றப் பக்கம் திருப்பி வைச்சன்."

"உதை ஏன் அவரிட்டைச் சொல்லேல்லை?"

"பெட்டியைத் தொட்டனான் எண்டால் எடுத்தனான் எண்டும் நினைப்பினம். இப்ப நான் வாயைத் திறவாமல் இருக்கிறதுதான் எனக்குப் பெர்மிட், தங்கச்சி."

இவ்வளவும் தமிழில் நடந்தது. லூதி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரில் மணி மூன்று அடித்தது. அவருடைய கை தன்பாட்டில் தொப்பியை எடுத்தது.

"ஹெர் லூதி," என்றாள் திரேசா, "ஒரு பெட்டி வெறுமையானால் என்ன செய்வீர்கள்?"

"வெறும் பெட்டி வீட்டுக்குப் போக வேண்டும்." பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னார். "அதுதான் அமெரிக்காவின் விதி. எங்கள் விதியும் அதுதான்."

"ரோஸ்மரியின் பெட்டி எந்தக் கம்பெனி?"

"சதர்ன் பசிபிக்."

"சதர்ன் பசிபிக்கின் வீடு எங்கே?"

"இங்கேதான், மேசையின் மேற்கு முனை..." அவர் நிறுத்தினார். கையிலிருந்த தொப்பி மெல்ல இறங்கியது. கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தட்டச்சில் அடித்த ஒரு தாள் தொங்கியது. பதினான்காம் இலக்கப் பணிப்பு. அடியில் அவருடைய கையெழுத்து.

திரேசா அதைச் சத்தமாக வாசித்தாள். "'செப்ரெம்பர் பதினொன்று தொடக்கம், துயரத்துடன், சதர்ன் பசிபிக்கின் எல்லாப் பெட்டிகளும் வெறுமையானதும் யூனியன் பசிபிக்கின் வீட்டுக்கு அனுப்பப்பட வேண்டும்.' யூனியன் பசிபிக்கின் வீடு எங்கே, ஹெர் லூதி?"

"ஷ்லீரனில்," என்றார் லூதி. குரல் அடங்கிப்போயிருந்தது. "அங்கே எங்கள் நட்புக் கிளப் ஒன்று இருக்கிறது. கிழக்கும் நடுவும் சதர்ன் பசிபிக்கும் எங்களிடம். யூனியன் பசிபிக்கும் மற்ற மேற்கும் அவர்களிடம். மாதம் ஒரு தடவை, வீடு திரும்புகிற பெட்டிகளை ஒரு மரப்பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோவோம்."

"யார் அடுக்குவது?"

"வெள்ளிக்கிழமை முறைக்கு நிற்கிற உறுப்பினர். அட்டையைப் பார்த்து எடுத்து, மெல்லிய தாளில் சுற்றி அடுக்குவார். அட்டையும் கூடவே போகும்."

"பட்டியல் உண்டா?"

பட்டியல் இல்லாத சுவிஸ் கிளப் உண்டா? லூதி கோப்பைக் கொண்டுவந்தார். போன சனிக்கிழமைத் தாளில் இருபத்துமூன்று பெட்டிகள். வெறும் இலக்கங்கள். திரேசாவின் விரல் மேலேயிருந்து கீழே இறங்கி, ஒவ்வோர் இலக்கத்திலும் நின்று நின்று போனது. ஒவ்வொன்றுக்கும் லூதி அது எந்தப் பெட்டி என்று சொல்லிக்கொண்டு வந்தார். பதினேழாவதில் விரல் நின்றது. லூதி சொல்லவில்லை.

"26914," என்றாள் திரேசா. "இது எது?"

"எனக்கு... இது எனக்குத் தெரியாத இலக்கம்."

"உங்களுக்குத் தெரியாத இலக்கம் இந்த உலகத்தில் ஒன்றுதானே, ஹெர் லூதி?"

விரல் தாளின் அடிக்கு இறங்கியது. 'ஷ்லீரனுக்குக் கொண்டுசென்றவர்' என்ற கோட்டின்மேல் ஒரு கையெழுத்து. கண்ணாடிச் சட்டத்துக்குள் துயரத்துடன் தொங்கிய அதே கையெழுத்து.

ஸ்ரான்லிக்கு வெளிச்சம் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். வந்தபோது பலமாக வந்தது. "அப்ப, அக்கா! களவெடுத்தது—"

"பேசாமல் இரு."

"இவரேதான் றெயிலிலை மடியிலை வைச்சு—"

"ஸ்ரான்லி!"

லூதி கதிரையில் உட்கார்ந்தார். ஷ்லீரன் வரைக்கும், ஒரு மணித்தியாலம், மரப்பெட்டி அவருடைய மடியில்தான் இருந்தது. மெல்லிய தாளுக்குள் ரோஸ்மரி. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, சதர்ன் பசிபிக்குக்காக வருந்திக்கொண்டு போயிருக்கிறார்.

*

ரெலிபோனை ஸ்ரான்லிதான் சுழற்றிக் கொடுத்தான். லூதியின் விரல் மூன்று தரம் பிழையான இலக்கத்தில் போய்விட்டது. ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கியதும் அவன்தான், துப்பறியும் கடமையாக.

"26914?" என்றது ஷ்லீரன் கிளப் செயலாளரின் குரல். "ஆமாம், ஹான்ஸ். நீயே கொண்டுவந்து தந்தாய். மூன்றாவது தட்டில் இருக்கிறது. வர்ணம் என்ன அருமை! யார் பூசியது?"

லூதி ரெலிபோன் வாயைக் கிட்டக் கொண்டுவந்தார். "அதைத் திருப்பி அனுப்பு."

"முடியாது."

"என்ன?"

"வெறும் பெட்டி. இப்போது அதன் வீடு இதுதான். உன் பதினான்காம் பணிப்பு, மூன்றாம் பந்தி: 'வீடு சேர்ந்த பெட்டி, ஏற்றுவதற்குச் சரக்கு இல்லாமல் வெளியேறக் கூடாது; தலைவர் உட்பட எவருக்கும் விதிவிலக்கு இல்லை.' அடிக்கோடும் போட்டிருக்கிறாய், ஹான்ஸ்."

தான் கட்டிய கூட்டுக்குள் தானே பூட்டுப்பட்ட ஆளின் முகத்தை ஸ்ரான்லி அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தான். சிரிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட, அந்த மனுஷனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

திரேசா ரெலிபோன் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். "கன்சாஸில் ஒரு விவசாயிக்கு வெறும் பெட்டி தேவைப்பட்டால் என்ன செய்வான், ஹெர் லூதி?"

"கேள்விப் பத்திரம் கொடுப்பான். சரக்கு இருக்கிறது, பெட்டி அனுப்புங்கள் என்று. சரக்குள்ள எவரும் கொடுக்கலாம். கம்பெனி அனுப்பியே ஆக வேண்டும். அது..." அவருடைய கண் அகன்றது. "ஆனால் இங்கே யாரிடம் சரக்கு?"

அப்போதுதான் திரேசா நடந்ததை அவருக்கு மொழிபெயர்த்தாள். வண்டு, வாளி மூடி, விளம்பரப் பத்திரிகை, திருப்பி வைத்த சீட்டு. யோகராஜா கண்ணை மூடிக்கொண்டு வாளியின்மேல் இருந்தார், பல்லுப் பிடுங்கப் போனவர் மாதிரி. லூதி எழும்பினார். மெதுவாக நடந்து கடைசி யன்னலுக்குப் போனார். கோதுமையைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் அவள் பொறுக்கியது," என்றார். பிறகு, "உள்ளே வண்டு இருந்ததே எனக்குத் தெரியாது. பதினொரு வருஷமாக நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை."

கேள்விப் பத்திரத்தை அவரே நிரப்பினார். அனுப்புபவர்: ஹெர் யோகராஜா. நிலையம்: ரோஸ்மரி. சரக்கு: கோதுமை. தரம் என்ற கட்டத்தில் எழுதப் 'புடைத்தது' என்பதற்கு ஜெர்மனில் என்ன என்று திரேசாவைக் கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. யோகராஜாவே எழும்பி, வாளி மூடியை எடுத்து, காற்றில் மூன்று தரம் புடைத்துக் காட்டினார். லூதி கவனமாகப் பார்த்துவிட்டு, 'கையால், பொறுமையோடு' என்று எழுதினார்.

"சரக்கு இருந்தால் பெட்டி அனுப்புவது எங்கள் கடமை," என்றது ரெலிபோன், எல்லாம் கேட்ட பிறகு. "திங்கட்கிழமை நானே கொண்டுவருகிறேன்."

*

மணி மூன்றரை. லூதி தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"எங்கே?" என்றாள் திரேசா.

"பொலிசுக்கு. நாலு மணிக்கு டெர்மின் இருக்கிறது."

"பெட்டி கிடைத்துவிட்டதே!"

"டெர்மினும் இருக்கிறதே," என்றார் லூதி. "ரெலிபோனில் நேரம் கேட்டபோது இவருடைய பெயரை நான் சொல்லிவிட்டேன், அம்மணி. அங்கே யாரோ எழுதியிருப்பார்கள். நானே போய் அழிக்கச் சொல்ல வேண்டும்."

பெயர் எழுதியாகிவிட்டது. பென்சிலோ பேனையோ, யாருக்குத் தெரியும்? இந்த நாட்டில் ஒரு பெயர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக ஒரு நாள் போதும். திரும்பி வரத்தான் வருஷக்கணக்கு.

"வாயால் சொன்னால் போதாது," என்றாள் திரேசா. "எழுதித் தாருங்கள். இரண்டு பிரதி. ஒன்று பொலிசுக்கு, ஒன்று பெர்மிட் கந்தோருக்கு. முத்திரையோடு."

லூதி மறுபேச்சுப் பேசவில்லை. தொப்பியோடே தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்தார். இரண்டு விரலால் அடித்தார். நடுவில் ஒரு தரம் நிறுத்தி, யோகராஜாவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்படி கேட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக. கிளப்பின் முத்திரையை இரண்டு தாளிலும் குத்தினார். ஒன்றில் அது கொஞ்சம் சரிந்துவிட்டது. அதைக் கிழித்துப்போட்டுப் புதிதாக அடித்தார்.

"என்னடா தம்பி எழுதியிருக்கிறார்?" என்று யோகராஜா மெல்லக் கேட்டார்.

ஸ்ரான்லி தாளை வாங்கினான். அவன் வாசித்த ஜெர்மன் வாழ்க்கையில் முதல் தரம் தெளிவாக விளங்கியது.

"'பெட்டியை எடுத்துக்கொண்டு போனது ஹான்ஸ் லூதியாகிய நான். ஹெர் யோகராஜாவில் ஒரு குற்றமும் இல்லை. என்ரை மனுசியின்ரை கோதுமையைக் காப்பாற்றினவர் அவர். ஓர் அட்டையிலை ஒரு கிழமைக்குக்கூடப் பொய் கிடக்கப் பொறுக்காதவர். இப்பிடியான ஆள் குடும்பத்தோடை லாங்கன்தாலிலை இருக்கிறது லாங்கன்தாலுக்கு நல்லது. இதை நான் எங்கை வந்தும் சொல்லுவன்.'"

யோகராஜா அழுவார் என்று ஸ்ரான்லி எதிர்பார்த்தான். கைலேஞ்சியைக்கூட ஆயத்தமாக எடுத்துவிட்டான். அது தனக்கா அவருக்கா என்று அவனுக்கே நிச்சயமில்லை. ஆனால் யோகராஜா அழவில்லை. அவர் லூதியைப் பார்த்தார். தாளை மடித்து உள்பையில் வைத்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, படியிறங்கத் தொடங்கியிருந்த அந்தக் கிழட்டு முதுகைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"தங்கச்சி," என்றார் திரேசாவிடம், குரலைத் தாழ்த்தி. "பொலிசிலை போய்த் தான்தான் எடுத்தனான் எண்டு எழுத்திலை குடுத்தால்... பாவம், அந்த மனுசன்ரை பெர்மிட்டுக்கு ஒரு பிரச்சினையும் வராதோ?"

எந்தத் துணி எந்த வார்ட்டுக்கு என்று தொட்டே சொல்லுகிற திரேசா, கையிலிருந்த இரண்டாவது பிரதியை மடிக்கவும் மறந்துபோய் நின்றாள்.

பதிலுக்கு யோகராஜா காத்திருக்கவில்லை. "தனிய விடக்கூடாது, தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கிய கோட்டை இழுத்தெடுத்து, ஒரு கையை மட்டும் அதற்குள் விட்டபடி, படியில் தடதடவென்று இறங்கினார். பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே தெருவின் மறுபக்கம் மாறுகிற மனுஷன்.

ஸ்ரான்லி யன்னலுக்கு ஓடினான். கீழே தெருவில் லூதி நின்று திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. கோட்டின் மறுகையைப் போடமுடியாமல் தடுமாறிய யோகராஜாவுக்கு அவர் கையைப் பிடித்து உள்ளே விட்டுவிட்டார். பிறகு இருவரும் பொலிஸ் நிலையத்துப் பக்கமாக நடந்தார்கள். லூதி கிட்டத்தட்ட இரண்டு மீற்றர் உயரம். யோகராஜா அவருடைய தோளுக்கும் எட்டவில்லை.

"கட்டைதான், பிள்ளை," என்றான் ஸ்ரான்லி, வவுனியாப் பக்கமாக.